மரச்சீனி என்று சொல்ல ஆளில்லாத ஊர்

மரச்சீனிக்கு, பிடுங்கிய பிறகு ஆயுசு இரண்டு நாள். மிஞ்சினால் மூன்று. அதற்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் வெள்ளைச் சதைக்குள் நீலமும் கறுப்புமாகக் கோடு ஓட ஆரம்பிக்கும். அப்புறம் எவ்வளவு விறகு எரித்தும் பிரயோஜனம் இல்லை. சேனைக்கிழங்கும் காச்சிலும் பத்தாயத்துக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும். இது கிடக்காது. அதனால்தான் திருவனந்தபுரத்தில் அதை யாரும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு வாங்குவார்கள், அன்றைக்கே தின்பார்கள்.

நான் இப்போது இருக்கும் டொராண்டோவுக்கு அது கோஸ்டாரிக்காவிலிருந்து வருகிறது. காற்றுப் படாமல் இருக்க மேலெல்லாம் மெழுகு பூசி அனுப்புகிறார்கள். நகத்தால் கீறினால் மெழுகு சுருண்டு வருகிறது. மண் என்று ஒரு பொட்டுகூடக் கிடையாது. பெட்டியின்மேல் யூக்கா என்று எழுதியிருக்கும். இந்தியக் கடைக்குப் போனால் உறையவைத்த பாக்கெட்: தோல் உரித்து, துண்டு போட்டு, நடு நரம்பையும் எடுத்து, கப்பா என்று பேர் எழுதி. வேலை மிச்சம்தான். இருபது நிமிஷத்தில் வெந்தும் விடுகிறது. தின்றால் பசியும் அடங்குகிறது. அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் நடப்பதில்லை.

கிழங்கு ஒன்று, பேர் ஊருக்கு ஒன்று. சேலத்துக்காரர்களுக்கு அது குச்சிக்கிழங்கு. அங்கே அது ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. தமிழ்நாட்டின் மற்ற பக்கங்களில் மரவள்ளி. கோட்டயம் பக்கம் கப்ப, திருச்சூரில் கொள்ளி, மலபாரில் பூள. திருவனந்தபுரத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மரச்சீனி. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, களியக்காவிளையில் எல்லை விழுந்தது. பஸ்ஸின் நிறம் மாறியது, பள்ளிக்கூடத்துப் பாடமொழி மாறியது. மரச்சீனி இரண்டு பக்கமும் மரச்சீனியாகவே நின்றது. அம்மை மார்த்தாண்டத்துக்காரி, அப்பாவுக்கு வேலை சாலைக் கடைத்தெருவில். எங்களுக்கு அந்த எல்லை எந்தக் காலத்திலும் மனசில் ஏறவில்லை.

சாலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கிழக்கேக்கோட்டையில் இறங்கி உள்ளே நுழைந்தால் ஆரியசாலை தாண்டிக் கிள்ளிப்பாலம் வரைக்கும் நீளும் தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய சந்தை. மிளகாய் வற்றல், கருப்பட்டி, பாத்திரம், பூ, வாழைக்குலை. பாதிக் கடைகளில் தமிழ்தான் பேச்சு. அந்தத் தமிழும் மலையாளத்தோடு கைகோத்து நடக்கிற தமிழ். அதை எழுத்தில் பிடித்து வைத்தவர் ஆ. மாதவன். அதே தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் சுமட்டுக்காரர்களையும் கூலிக்காரர்களையும் கதைகளாக்கியவர். 2021 ஜனவரியில் அவர் போய்விட்டார் என்று இங்கே உட்கார்ந்து செய்தி படித்தபோது, எங்கள் தெருவைத் தெரிந்த இன்னொரு ஆள் குறைந்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது.

வீடு வலியசாலையில். காலையில் எங்களுக்குக் கடிகாரம் வேண்டியிருக்காது. ஆகாசவாணியில் பிராதேசிக வார்த்தகள் முடிகிற நேரத்துக்குத் தெருமுனையில் அந்தக் குரல் கேட்கும். மரச்சீனியே... என்று ஏகாரத்தை இழுத்து, மூச்சு தீர்கிற இடத்தில் சட்டென்று நிறுத்துகிற குரல். நெடுமங்காடு பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் ஓலைக் கடவம், கடவம் நிறைய சிவந்த மண் ஒட்டிய கிழங்கு. திண்ணையில் இறக்கிவைக்க இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். அம்மை கை கொடுப்பாள். அந்தக் கடவம் இறங்கும்போது ஓலை ஒரு முறை நெரியும். அதுவும் ஒரு சத்தம்தானே, அதைப் போய் ஒருத்தி இத்தனை வருஷம் கழித்து நினைப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். நினைக்கிறேன்.

அவர் மலையாளத்தில் பேசுவார், அம்மை தமிழில் பதில் சொல்லுவாள். இரண்டு பேரும் தங்கள் பாஷையைவிட்டு ஒரு அடி நகர்ந்ததில்லை, ஒரு வார்த்தை விளங்காமல் போனதும் இல்லை.

"வேகுமா?" இது அம்மையின் முதல் கேள்வி. விலை அப்புறம்.

"வெந்நில்லெங்கில் பைசா வேண்டா அக்கா. பூ போலே மலரும்."

சொல்லிக்கொண்டே ஒரு கிழங்கை எடுத்து நுனியைக் கையாலேயே ஒடிப்பார். படக்கென்று ஒடிந்தால் நல்ல கிழங்கு. நார்விட்டு இழுத்தால் முற்றியது. ஒடிந்த முகத்தில் பால் மினுங்கும். அதை அம்மையின் முகத்துக்கு நேராகக் காட்டுவார். என்னைப் பார்த்தால், "மோளே, பள்ளிக்கூடம் இல்லயோ இந்நு?" என்பார். விடுமுறை நாளிலும் அதே கேள்விதான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அவர் பேர் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவர் மரச்சீனிக்காரி, வேறு பேர் தேவைப்படவில்லை.

இனி அம்மையின் கை.

பிச்சாத்தியால் இரண்டு தலையையும் நறுக்குவாள். சாண் நீளத்துக்குத் துண்டு. துண்டின் முதுகில் நீளவாக்கில் ஒரு கீறல், ஆழமாக இல்லை, உள்தோலின் கனம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும். கீறிய இடத்தில் பெருவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பி, கிழங்கை உருட்டுவாள். மேலே பழுப்பு நிறச் சொரசொரத் தோலும், அடியில் இளஞ்சிவப்பான தடித்த தோலும் சேர்ந்து ஒரே சுற்றாகக் கழன்று வரும். கிழியாமல் வரும். உள்ளே வெள்ளை. அந்த வெள்ளையைத் தொட்டால் வழுவழுவென்று ஈரமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் விரலில் ஒட்டியது காய்ந்து மாவாக உதிரும். துண்டை நாலாகப் பிளந்து நடுவில் ஓடும் நரம்பைச் சுண்டி எடுப்பாள். தோலை நான் எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் பரப்பி விளையாடுவேன். ஆட்டுக்குப் போடாதே என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். பச்சைத் தோலிலும் இலையிலும் விஷம் உண்டு; ஆடும் மாடும் தின்றுவிட்டுச் சுருண்டு விழுந்த கதைகள் மார்த்தாண்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு.

அந்த விஷத்துக்கு லினமரின் என்று பேர் என்பதும், அது உடைந்து சயனைடு ஆகும் என்பதும் நான் கல்லூரியில் படித்தது. அம்மைக்கு அந்தப் பேர் தெரியாது. தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று தெரியும். சருவம் நிறையத் தண்ணீர் வைத்து, பாதி வெந்ததும் அந்த முதல் வெள்ளத்தை அங்கணத்தில் சாய்த்துவிட்டு, புதுத் தண்ணீரும் உப்பும் போட்டு மறுபடி ஏற்றுவாள். சாய்க்கும்போது ஆவி எழும்பி அவள் முகத்தை மறைக்கும். கையில் பழந்துணி, வாயில் எனக்கு ஒரு எச்சரிக்கை: "வெள்ளம் ஊத்தாத மரச்சீனிய யாரு தந்தாலும் திங்கப்பிடாது மக்களே." அந்த ஆவியின் மணம் எப்படியிருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் மண், கொஞ்சம் பால், கொஞ்சம் பச்சை மரம். இங்கே நான் வேகவைக்கும்போது சமையலறைப் புகைபோக்கி எல்லாவற்றையும் இழுத்து வெளியே தள்ளிவிடுகிறது. அதை அணைத்துவிட்டும் பார்த்தேன். மெழுகு பூசிய கிழங்குக்கு அந்த மணம் இல்லை.

வெந்து வாய்பிளந்த துண்டுகளுக்கு அம்மியில் சதைத்த காந்தாரி முளகும் சின்ன உள்ளியும் உப்பும், மேலே தேங்காய் எண்ணெய். மீன்காரி வந்த நாளென்றால் சாளைப் புளிமுளம். தேங்காயும் சீரகமும் பூண்டும் மஞ்சளும் ஒதுக்கிப்போட்டுத் தவியால் உடைத்துக் குழைத்தால் அது வேறு ருசி. மழைக்காலத்துக்கு மரச்சீனி அப்பளம். மகரம் கும்பத்து வெயிலில் வில்லை வில்லையாக வெட்டிப் பாறையில் உணத்தி எடுத்தால் வருஷம் முழுக்க வைத்திருக்கலாம். இரண்டு நாள் ஆயுசுள்ள கிழங்கைத் தக்கவைக்க எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வழி வெயில். ஆச்சி வீட்டுப் பின்னால் அப்படி ஒரு பாறை இருந்தது. காய்கிற கிழங்கைக் காக்காய்க்குக் காவல் காப்பது லீவுக்குப் போகும் பிள்ளைகளின் வேலை. வெள்ளை வில்லைகளின்மேல் வெயில் அடித்துக் கண் கூசும். கையில் கம்போடு, பனைமர நிழலில், ஒன்றுமே நடக்காத மத்தியானங்கள். அவை எங்கே போயின?

அப்பா சுசீந்திரம் பக்கத்து நெல்லுக்காரர். திருவிதாங்கூருக்கே நெற்களஞ்சியம் என்று பேரெடுத்த நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களுக்குக் கிழங்கு தின்பது கொஞ்சம் கௌரவக்குறைவு. ராத்திரி கடை சாத்திவிட்டு வந்தால் அவருக்குச் சோறு வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டன் சாயா போடும் நேரத்துக்கு அவரே அடுக்களை வாசலில் வந்து நின்று, "மரச்சீனி இருக்கா?" என்று மெல்லக் கேட்பார். அந்த மெல்லிய குரலை அவர் வேறு எதற்கும் பயன்படுத்தியதில்லை.

ஆச்சிக்கு அப்படிக் கௌரவம் பார்க்கிறவர்கள்மேல் கோபம். யுத்த காலத்தைப் பார்த்தவள் அவள். திருவிதாங்கூர் தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. அன்றைக்கு இந்தக் கிழங்கு இல்லையென்றால் நாங்களெல்லாம் பிறந்திருக்கவே மாட்டோம் என்பாள். பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்து சேர்த்த கிழங்கு, இருநூறு வருஷத்துக்குமேல் சும்மா கிடந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா மகாராஜாதான் அதைக் குடிமக்களின் தோட்டத்துக்குக் கொண்டுபோனவர். செடிகொடிகளில் பிரியம் உள்ளவர். விஷக்கிழங்கு என்று சனங்கள் பயந்தபோது, அரண்மனையில் வேகவைத்து அவரே தின்று காட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். ஆச்சி அதைத் தான் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே சொல்லுவாள். ராசா தின்னாரு, நமக்கென்ன மானக்கேடு?

அந்த மகாராஜாவின் பேரிலேயே ஒரு ரகம் உண்டு: ஸ்ரீ விசாகம். 1963இல் ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. சாயங்காலம் ஆகாசவாணியின் வயலும் வீடும் நிகழ்ச்சியில் ரகங்களின் பேரை வரிசையாகச் சொல்லுவார்கள். எந்தக் கம்பை நடலாம், இலையில் தேமல் விழுந்தால் என்ன செய்வது என்று. எங்களுக்கு வலியசாலையில் ஒரு சென்ட் மண்கூடக் கிடையாது. ஆனாலும் அம்மை பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அவளுக்கு மார்த்தாண்டத்து மேட்டு நிலம் அந்த ரேடியோவுக்குள் இருந்தது என்று இப்போது, அவளைவிடப் பல மடங்கு தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தெரிகிறது. அவளுக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரம் போதுமானதாக இருந்தது ஏங்குவதற்கு.

அந்த நிலத்தில் இப்போது ரப்பர். எங்கள் நிலம் மட்டும் இல்லை. 1970களின் நடுவில் கேரளத்தில் மூன்று லட்சம் ஹெக்டேருக்கு மேல் மரச்சீனி நின்றது. இன்று அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ரப்பர் வந்தது, வீடுகள் வந்தன, ரேஷன் அரிசி தாராளமாகக் கிடைத்தது, வளைகுடாப் பணம் வந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பசி தீர்ந்தால் பசிக்காலத்துக் கிழங்கு பின்வாங்கத்தானே செய்யும். ஆனால் பின்வாங்கியது வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. நட்சத்திர ஓட்டல்களில் வாழையிலை விரித்த மண்சட்டியில் கப்பாவும் மீன்கறியும். திருவனந்தபுரத்திலேயே அப்படித்தான் பேர் எழுதியிருக்கிறது என்று அண்ணன் சொன்னான். சினிமாவும் சாப்பாட்டு வீடியோக்களும் எல்லோர் வாயிலும் அந்த ஒரே பேரை வைத்துவிட்டன. "இங்க உள்ள பிள்ளைகளும் இப்போ கப்பான்னுதான் சொல்லுது" என்றான். அவன் பேரூர்க்கடையில் பிளாட்டில் இருக்கிறான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். டொராண்டோவில் அந்த வார்த்தை இல்லாதது எனக்குப் பழகிவிட்டது. அங்கேயும் இல்லையென்றால்...

இதை ஒருத்தியிடம் மட்டும் சொல்ல முடிந்தது. ஸ்கார்பரோவில் ஒரு ஈழத்துக் கடை. அங்கே இருக்கும் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நான் மெழுகுக் கிழங்கைக் கையில் எடுத்து, பழக்கதோஷத்தில் நுனியை ஒடிக்கப் பார்த்தேன். அது ஒடியவில்லை. "மரவள்ளியைத் தெரிஞ்ச ஆள்தான்" என்றார். பிறகு பேச்சு நீண்டது. எழுபதுகளில் சிறிமாவோ அரசாங்கத்தில் அரிசி தட்டுப்பட்ட காலம்; பாண் வாங்க விடியுமுன் வரிசை; வீட்டில் நாளுக்கு ஒரு வேளை மரவள்ளி. செம்பாட்டு மண்ணில் விளைந்த கிழங்கு, தேங்காய்ப்பால் விட்ட கறி, கூழுக்குள் போட்ட துண்டு. "அண்டைக்கு அந்தக் கிழங்கைக் கண்டாலே அழுகை வரும் தங்கச்சி. இப்ப இது கிடைக்கேல்லை எண்டுதான் அழுகை வருது." மரவள்ளி சமைக்கிற அன்றைக்கு இஞ்சியைக் கிட்டவும் கொண்டு போகக்கூடாது என்று அவர் அம்மா சொல்லுவாராம். எங்கள் பக்கம் இல்லாத கட்டுப்பாடு. ஆனாலும் அன்றிலிருந்து நானும் இஞ்சியைத் தவிர்க்கிறேன். யாரோ ஒரு அம்மாவின் சொல், கேட்க ஆள் இருக்கட்டும்.

உங்களுக்கு இது விளங்கும். பனங்கிழங்கோ, சீனிக்கிழங்கோ, கோவில் வாசலில் கூறு கட்டி விற்ற எதுவோ ஒன்றோ, அதன் பேரைச் சொன்னால் தலையாட்ட ஆள் இல்லாத ஊரில் நீங்களும் இருக்கிறீர்கள்.

பிரேசிலின் துப்பி மக்களிடம் ஒரு கதை உண்டு. மானி என்று ஒரு சின்னப் பெண். நோய் நொடி இல்லாமல் திடீரென்று இறந்துபோகிறாள். அவளைக் குடிசைக்கு உள்ளேயே புதைத்து, தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்த இடத்தில் தெரியாத செடி ஒன்று முளைக்கிறது. வேரைத் தோண்டினால் உள்ளே அவளைப் போலவே வெள்ளை. மானியின் வீடு, மானி ஓக்கா, மாண்டியோக்கா. உலகமெல்லாம் தின்கிற கிழங்குக்கு ஒரு குழந்தையின் சாவு பேராக நிற்கிறது. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

அம்மையைத் தைக்காடு சாந்திகவாடத்தில் எரித்தார்கள். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தெற்கு மூலையில் குழிதோண்டித் தென்னம்பிள்ளை நட மண் இருந்த காலமெல்லாம் ஆச்சியோடு போயிற்று. சாம்பல் ஆற்றில். பிச்சாத்தி அண்ணன் வீட்டில். பிடி தேய்ந்து ஒருபக்கம் சரிந்திருக்கும் அந்தப் பிச்சாத்தியை எனக்குத் தா என்று கேட்டேன். விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றான். பெட்டியில் போடலாம், எனக்குத் தெரியும். அவனுக்கும் அது தேவைப்படுகிறது என்று புரிந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

போன மாதம் அண்ணன் மகள் போனில் வந்தாள். ஸ்ரீகாரியத்தில் ஒரு கட்டு மரச்சீனிக் கம்பு வாங்கி, பிளாட்டின் மொட்டை மாடியில் சாக்கில் மண் நிரப்பி நட்டிருக்கிறாளாம். இலை விட்டுவிட்டது என்று படம் அனுப்பினாள். சிவந்த காம்பு, விரல் விரித்த இலை. தை மாதம் மூடு பிடுங்கலாம், அத்தை நீங்களும் வரணும் என்றாள். மரச்சீனி என்றுதான் சொன்னாள், அதைக் கவனித்துக்கொண்டேன். ஜனவரியில் எனக்கு லீவு கிடைக்காது மக்களே, நீங்களே பிடுங்கித் தின்னுங்க என்றேன். முதல் வெள்ளத்தை மட்டும் மறக்காம ஊத்திரு.